வெள்ளை பூத்த இடம்

படகுத்துறையின் இறங்குபாலத்துக்கு அடியில் அண்ணி மல்லாந்து படுத்திருந்தாள். எட்டு மணிப் படகு வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. மேலே நின்ற கொழுந்தனுக்கு அவளுடைய பூட்ஸும், அங்கே இங்கே நகரும் டார்ச் வெளிச்சமும்தான் தெரிந்தன. வீட்டில் தினமும் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு எல்லோரையும் தேடவைப்பவள். இங்கே உலோகப் பரிசோதகர்.

பதினோரு வருடமாக அந்த அலுமினியப் பாலம் அவன் பொறுப்பு. இரும்புப் பாலக்காரர்கள் துருவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வரும். பாலத்தைச் சோதிக்க அண்ணிதான் வருகிறாள் என்று தெரிந்ததும் கீழ்ப்பக்கம் முழுக்கச் சாம்பல் பெயிண்ட் வேறு அடித்துவைத்தான்.

"கொழுந்தனாரே, பெயிண்ட் யாரு அடிச்சது?"

"நான்தான் அண்ணி. பளபளன்னு இருக்குல்ல?"

"ரொம்ப நல்லா இருக்கு. அதனால எனக்கு ஒண்ணுமே தெரியல."

வெளியே வந்து உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"அலுமினியம் துருப்பிடிக்காதுன்னு நிம்மதியா இருந்திருப்பீங்க. உப்புக்காத்து அதுல ஊசிமுனையாட்டம் குழி தோண்டும். வெளிய கொஞ்சம் வெள்ளைப் பொடி பூக்கும், அவ்வளவுதான். பாலம் அலைக்கும் ஆளுக்கும் வளைஞ்சு வளைஞ்சு நிமிருதில்ல, அந்தக் குழியிலதான் விரிசல் விடும். முப்பது மீட்டருக்கும் பெயிண்டை உரிக்க இப்ப நேரமில்ல. எங்கயாவது பொடி பூத்துச்சா?"

பூத்தது. மூன்றாவது குறுக்குச் சட்டத்தில், வெல்டிங் ஓரமாக. துடைக்கத் துடைக்க மறுவாரமே வந்து நிற்கும். சனியன் என்று திட்டி, அங்கே மட்டும் இரண்டு பூச்சு பூசியிருந்தான். 'ஒரு குறையும் இல்லை' என்று மேலிடத்துக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியதும் போன வாரம்தான். இல்லை என்று இப்போது தலையாட்டினால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. கரையில் பெட்டியும் பிள்ளையுமாக ஆட்கள் வரிசைகட்டத் தொடங்கியிருந்தார்கள்.

அவன் குனிந்து பாலத்துக்கு அடியில் போனான். விரலை வைத்தான்.

"இங்க, அண்ணி."

அவள் மருந்து தடவிப் பெயிண்டை உரித்தாள். சிவப்புச் சாயத்தைப் பூசிவிட்டு, விரிசல் இருந்தால் அதற்குள் ஊறட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். தூரத்தில் படகு ஊதியது.

"அண்ணி, வந்துட்டாங்க."

"பத்து நிமிஷம் ஊறணும். ஏழுதான் ஆகுது."

பத்து என்றால் அவளுக்குப் பத்துதான். பயத்துக்கு நடுவிலும் அவனுக்குப் பெருமையாக இருந்தது. இப்படி ஒருத்தியோடா இத்தனை நாள் ஒரே வீட்டில் கண்ணாடி தேடிக்கொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொண்டான்.

சாயத்தைச் சுத்தமாகத் துடைத்தெடுத்து, உள்ளே தங்கிய சாயத்தை வெளியே உறிஞ்சும் வெள்ளைப் பொடியைத் தெளித்தாள். ஒன்றுமில்லை. அவன் மூச்சுவிடப்போனான்.

"பொறுங்க."

ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து தலைமுடி அளவு கோடாகி, அவன் கண்ணெதிரே ஒரு விரல் நீளத்துக்கு ஓடியது.

அவளை முந்திக்கொண்டு அவனே மேலே ஏறினான். பாலத்தின் குறுக்கே சங்கிலியை இழுத்துக் கொக்கியை மாட்டினான்.

"நல்லாத்தானப்பா இருக்கு? கோளாறுன்னு யாரு சொன்னது?" என்றார் வரிசையில் முதலில் நின்றவர்.

"நான்தாங்க."

கீழே, வெள்ளைப் பொடியில், அந்தக் கோடு இன்னும் கசிந்துகொண்டிருந்தது.