ஓரத்தில் ஒரு கோடு

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. கதவோரம் நிற்கிறவங்களும் உள்ளே வந்திடுங்க, இது உரக்கச் சொல்கிற கதை இல்லை. ஒரு அக்கா தங்கச்சி கதை. சண்டை போட்டுப் பிரிந்த அக்கா தங்கச்சிகள் ஊருக்கு ஆயிரம் பேர் இருப்பார்கள். இந்த இரண்டு பேரும் சண்டையே போடாமல் பிரிந்தவர்கள். அது எப்படி என்று சொல்கிறேன்.

பெரியவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருப்பாள். 'ஹலோ' என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், யார், என்ன மனநிலை என்று சொல்லிவிடுவாள். "எலும்பு டாக்டர் இன்னிக்கு வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டு வந்திருக்கார். கொஞ்சம் தள்ளி நின்னு பேசு" என்று நர்சுக்கு எச்சரிக்கை போகும். முகம் பொய் சொல்லும், குரல் சொல்லாது என்பது அவள் கட்சி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "வந்தவன் எல்லாம் பார்க்க நல்லாத்தான் இருந்தான். வாயைத் திறந்தான், போச்சு" என்பாள்.

சின்னவள் நேர் எதிர். நேரில் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், விரல் மட்டும் பேசும். சின்ன வயதில் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அலைந்ததால் 'வாலு' என்று பெரியவள் கூப்பிடுவாள். கல்யாணமாகி, ஒரு பெண்ணையும் பெற்று, புருஷனைப் பறிகொடுத்த பிறகும் அவள் வாலுதான்.

வாலு வேறொரு ஊரில், துணி துவைக்கும் மிஷின் விற்கிற கம்பெனியில் வேலை பார்த்தாள். புகார் சொல்லி வருகிற மெயில்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. அதற்கு அங்கே ஒரு முறை உண்டு. யார் எழுதினார், என்று எழுதினார் என்று மேலே தானாக விழுகிற வரியை முதலில் வெட்டி எறிந்துவிட வேண்டும். வந்தவர் எழுதியதில் ஒரு வரியை எடுத்துப் போட்டு, அதன் கீழே நம் பதில். மறுபடி அவர் வரி, மறுபடி நம் பதில். எது அவர் வரி என்று தெரிய இடது ஓரத்தில் ஒரு கோடு நிற்கும். கண்ணால் படிக்கிறவருக்கு அது தாராளம். வருஷக்கணக்காக அப்படியே எழுதி எழுதி, வீட்டுக்கு எழுதும்போதும் அவளுக்கு வேறு மாதிரி வராது.

இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒருவன். பெரியவளுக்குத் தம்பி, சின்னவளுக்கு அண்ணன். கெட்டவன் இல்லை. பயந்தவன். எந்தப் பொறுப்பைக் கண்டாலும் இரண்டடி பின்னால் வைத்துத்தான் யோசிப்பான்.

பெரியவள் ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை அவள் கண்ணுக்கு ஏறிவிட்டது. முதலில் எழுத்து கலங்கியது, பிறகு முகங்கள், பிறகு சன்னலும் சுவரும் ஒன்றாகிவிட்டன. தம்பிதான் ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தான். வருகிற மெயிலை அதுவே வாய்விட்டுப் படிக்கும், நாம் பேசினால் எழுதியும் அனுப்பும். அதற்குள்ளிருந்து படிக்கிற குரலுக்குப் பெரியவள் 'அந்தப் பொம்பளை' என்று பேர் வைத்தாள்.

"அவ வாசிக்கிறது ரயில் லேட்டுன்னு சொல்ற மாதிரியே இருக்குடா. கல்யாணம்னாலும் அதே சுதி, சாவுன்னாலும் அதே சுதி" என்று தம்பியிடம் குறைப்பட்டாள்.

"எழுதுறதைத்தானே அது படிக்கும்? அதுக்கென்ன தெரியும், அக்கா."

"அதைத்தான் சொல்றேன். ஒண்ணும் தெரியாதவ கையில நம்ம வீட்டுக் கதை எல்லாம் இருக்கு."

என்ன சொன்னாலும், தினம் காலையில் அந்தப் பொம்பளை வாயால் வாலு எழுதியதைக் கேட்காமல் அவளுக்குப் பொழுது விடியாது.

ஒருநாள் கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கும்போது கை தவறிவிட்டது. முழங்கை வரை வெந்துபோயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து கட்டுப் போட வைத்தார்கள். செய்தி தெரிந்ததும் வாலு எழுதினாள்: "இனி நீ தனியாக இருக்க வேண்டாம் அக்கா. என்னோடு வந்துவிடு. அண்ணனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுகிறேன். நீ பெட்டியைக் கட்டி வை."

பெரியவள் அந்த மெயிலைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒரு கையாலேயே புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "வாலுகிட்ட போறேன். இத்தனை நாள் அது என் முந்தானையைப் பிடிச்சுது. இனிமே நான் அது முந்தானையைப் பிடிக்கணும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

அங்கே அண்ணன்காரன் சின்னவளுக்குப் பதில் எழுதியிருந்தான். "அக்காவை வீட்டில் வைத்துக்கொள்வது நடக்காத காரியம். கண் தெரியாதவளைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் மாரடிக்க முடியும்" என்று ஆரம்பித்து, ஏதாவது விடுதியில் சேர்த்துவிடலாம் என்று முடித்திருந்தான். அதைப் படித்த வாலுவுக்கு, பிறந்ததிலிருந்து வராத கோபம் வந்தது. உடனே உட்கார்ந்து, தன் ஆபீஸ் முறைப்படியே, மேல் வரியை வெட்டிவிட்டு, அவன் ஆரம்பித்திருந்த இரண்டு வரியையும் சேர்த்துப் போட்டாள், கீழே இரண்டுக்கும் பதில் போட்டாள், அடுத்த வரியைப் போட்டாள், பதில் போட்டாள். ஒன்றைக்கூட விடவில்லை. நான் யார் பக்கம் என்று அக்காவுக்கும் தெரியட்டும் என்று, அதே மெயிலை அவளுக்கும் சேர்த்து அனுப்பினாள்.

என்ன ஆகப் போகிறது என்று உங்களுக்கு இப்போதே தெரிகிறது, இல்லையா?

மறுநாள் காலை பெரியவள் காபியும் கையுமாக உட்கார்ந்து போனைத் தட்டினாள். அந்தப் பொம்பளை வாலுவின் பேரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, அதே ரயில் சுதியில் படித்தாள்: "அக்காவை வீட்டில் வைத்துக்கொள்வது நடக்காத காரியம். கண் தெரியாதவளைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் மாரடிக்க முடியும்."

பெரியவள் விரல் தானாக அதை நிறுத்தியது.

ஓரத்தில் கோடு இருந்தது, கண்ணுகளா. கோட்டுக்குக் குரல் ஏது? இன்னும் ஒரு வரி கேட்டிருந்தால் போதும். அடிபட்ட மனசு இன்னொரு அடிக்குத் தலையைக் காட்டுமா?

காபி ஆறிப்போயிற்று. கட்டி வைத்த பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு புடவையாக எடுத்து அலமாரியில் வைத்தாள். பிறகு போனை வாயருகே பிடித்துச் சொன்னாள்: "நீ அனுப்பினதைக் கேட்டேன். உன் மனசு தெரிஞ்சுது. இனி எனக்கு எழுதாதே. கூப்பிடாதே." சொல்லும்போது அவள் குரல் எப்படி உடைந்தது என்பதை அந்தப் பொம்பளை எழுதவில்லை. சொற்களை மட்டும் எழுதி அனுப்பினாள்.

அன்றைக்கே வாலுவின் எண்ணை அடைத்துவிட்டாள். தம்பி வந்து விசாரித்தபோது, கேட்ட இரண்டு வரியையும் எழுத்துப் பிசகாமல் சொன்னாள். "உன் தங்கச்சி எழுதினது. அவளுக்கே நான் வேண்டாம்னா, எந்த விடுதியா இருந்தாலும் சேர்த்துவிடு."

அவை தன் வரிகள் என்று அவனுக்குக் கேட்டவுடனே தெரிந்தது. அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்கலாம். "அது நான் எழுதினது" என்று மூன்று சொல். நான்தான் சொன்னேனே, பயந்தவன் என்று. வாயைத் தைத்துக்கொண்டான். தங்கையிடம் போய், "அக்காவுக்கு உன்கூட வர இஷ்டமில்லை. ரோஷக்காரி. கொஞ்சம் விட்டுப் பிடி" என்றான்.

விட்டாள், பிடிக்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை விடுதி வாசல் வரை வந்தாள். வார்டன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "பார்க்க மாட்டேன்னு சொல்றாங்கம்மா" என்றாள். பெரியவள் அறை அந்த வாசலை ஒட்டித்தான் இருந்தது. "அக்கா" என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால், குரலை வைத்து மனசைப் படிக்கிறவள் எழுந்து ஓடி வந்திருப்பாள். வாலுவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நின்றாள், திரும்பிப் போய்விட்டாள்.

பெரியவள் அந்த மெயிலை மட்டும் அழிக்கவில்லை. மனசு இளகுகிற நாளில் அதைப் போட்டு அந்த இரண்டு வரியையும் கேட்பாள், நிறுத்திவிடுவாள். மனசு மறுபடி இறுகிக்கொள்ளும். ஆறுகிற புண்ணைத் தானே கீறிக்கொள்கிற மாதிரி.

இப்படியே சில வருஷம் ஓடியது. ஒருநாள் மத்தியானம் வாலுவின் மகள் விடுதிக்கு வந்தாள். வளர்ந்த பெண், வேலைக்குப் போகிறவள்.

"பெரியம்மா, அம்மாவுக்குப் பக்கவாதம் வந்திடுச்சு. ஒரு பக்கம் வரலை. சொல்றது எல்லாம் புரியுது, ஆனா பேச்சு போயிடுச்சு. எழுதவும் வரலை. எழுத்தெல்லாம் மறந்து போச்சுன்னு டாக்டர் சொல்றார். நீங்க ஒரு தடவை வந்தா நல்லா இருக்கும்."

பெரியவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் வந்து என்ன பண்ணப் போறேன்? உங்கம்மா எழுதினதைக் கேட்டவ நான்."

"எங்கம்மா அப்படி என்ன எழுதினாங்க? நீங்க எழுதினதைப் படிச்சுட்டு அவங்க எப்படி இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும்."

பெரியவள் போனைத் தட்டினாள். அந்தப் பொம்பளை படித்தாள். வழக்கமான இடத்தில் பெரியவள் நிறுத்தினாள்.

மகள் போனை வாங்கிக் கண்ணால் பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளிக் கடைசி வரை போனாள்.

"பெரியம்மா, இது அம்மா எழுதினது இல்ல. இது மாமாவோடது. ஓரத்துல கோடு போட்டிருக்கு, பாருங்க." சொன்ன பிறகுதான் யாரிடம் 'பாருங்க' என்கிறோம் என்று உறைத்தது. பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா எழுதினது இதுக்குக் கீழ இருக்கு. நான் படிக்கிறேன்."

படித்தாள். அண்ணனின் வரியைக் கனத்த குரலிலும், அம்மாவின் வரியைத் தன் சொந்தக் குரலிலும் மாற்றி மாற்றிப் படித்தாள்.

அந்த இரண்டு வரியின் கீழே, "நடக்காத காரியம்" என்பதற்கு, "நடத்திக் காட்டுகிறேன் அண்ணா. அக்கா என் வீட்டுக்குத்தான் வருவாள்" என்று இருந்தது. "எத்தனை நாள் மாரடிக்க முடியும்" என்பதற்கு அதை அடுத்து, "நான் சாகும் வரை. நான் நடக்கப் பழகினது அவள் கையைப் பிடித்து" என்று இருந்தது. "ஒருநாள் பாரமாகத்தான் தெரியும்" என்பதன் கீழே, "உனக்குத் தெரியும். எனக்கு அவள்தான் அம்மா" என்று இருந்தது.

பெரியவள் அழவில்லை. "இன்னொரு தடவை படி" என்றாள். ரயிலில் போகும்போதும் படிக்கச் சொன்னாள். இறங்கும் முன்னால் மனப்பாடம் ஆகிவிட்டது.

வாலு படுத்திருந்த அறையில் மருந்து வாசமும் சலவைத் துணியின் வாசமும் இருந்தன. மகள் நாற்காலியைக் கட்டிலோரம் போட்டு, அசைகிற கையை எடுத்துப் பெரியவள் கையில் வைத்தாள். எலும்பும் தோலுமாக இருந்தது.

"வாலு, நான்தான்" என்றாள் பெரியவள். "ஆளுக்கு ஒண்ணு போயாச்சு பாரு. எனக்குக் கண்ணு, உனக்கு வாய். ஒட்டுப் போட்டா முழுசா ஒரு ஆளு தேறுவோம்."

அந்தக் கை குலுங்கியது. "சிரிக்கிறாங்க பெரியம்மா" என்றாள் மகள்.

"நான் ஒவ்வொரு வரியாச் சொல்றேன். உன் வரின்னா அழுத்து. உன்னோடது இல்லைன்னா சும்மா இரு. அன்னிக்குக் கேட்க வேண்டியதை இன்னிக்குக் கேட்கிறேன்."

"நடக்காத காரியம். இது நீயா?" கை சும்மா இருந்தது.

"நடத்திக் காட்டுகிறேன் அண்ணா. இது?" கை அழுத்தியது.

"எத்தனை நாள் மாரடிக்க முடியும்?" சும்மா இருந்தது.

"நான் சாகும் வரை." அழுத்தியது.

"எனக்கு அவள்தான் அம்மா." அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது.

பெரியவள் அடுத்ததைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னாள்.

"இனி எனக்கு எழுதாதே. கூப்பிடாதே."

கை சும்மா இருந்தது.

"ஆமா. அது என் வரி. யார் தலையிலயும் கட்ட முடியாது, நான் சொன்னதுதான்." பெரியவள் குனிந்து அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அதைப் படிச்ச அன்னிக்கு அழுதியா வாலு?"

கை அழுத்தியது. நகம் பதிகிற அளவுக்கு அழுத்தியது. நெடுநேரம் விடவில்லை.

"என்னை மன்னிச்சிட்டியா?"

அழுத்தின விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பெரியவள் காத்திருந்தாள். மகள் எட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "கண்ணை மூடிட்டாங்க பெரியம்மா. தூங்கிட்டாங்க."

ஒரே பாயில் பக்கத்தில் போட்டு வளர்த்தவளுக்குத் தங்கச்சி தூங்குகிற மூச்சு எது, தூங்காத மூச்சு எது என்று தெரியாதா? அது தூக்கத்து மூச்சு இல்லை, விழித்திருக்கிறவள் மூச்சு. மகளிடம் அதைச் சொல்லவில்லை.

"ஆமா, தூங்கட்டும்" என்றாள். கையை மட்டும் விடவில்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. முகத்தைத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போங்க. உங்க வீட்டில் ஒருத்தர் சொன்ன சொல் இன்னொருத்தர் தலையில் விழாமல் இருக்கட்டும். அரைகுறையாகக் கேட்டு யாரும் பெட்டியைப் பிரிக்காமல் இருக்கட்டும். வாசலில் வந்து நிற்கிறவருக்கு நாக்கு எழட்டும், உள்ளே இருக்கிறவருக்குக் கதவு திறக்கட்டும். உங்க பிள்ளை குட்டிகள், கூடப்பிறந்ததுகள் எல்லாம் ஒருத்தர் கைக்கு ஒருத்தர் எட்டுகிற தூரத்திலேயே நல்லா இருக்கட்டும்.