‘வரேன்’ என்ற பொத்தான்

ஓசியில் கிடைக்கும் கணினி விளையாட்டுக்குக் குறை சொல்ல வருபவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பண்டார் பாருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஷஃபிக் அனுப்பிய குரல் பதிவையும் அந்த எரிச்சலோடுதான் கேட்டேன்.

“அக்கா, புதுசா ஆடுறேன். கேம் நல்லா இருக்குலா. ஆனா ‘வரேன்’னு ஒரு பட்டன் இருக்கே, உள்ள வரதுக்குன்னு நெனச்சு அமுக்கிட்டேன். கேம் மூடிக்கிச்சு. ‘வெளியேறு’ன்னு மாத்துங்கக்கா. திரும்பத் தொறந்தா வாசல்ல ஒரு பொம்பள நிக்குது. சாப்டியான்னு என்னமோ கேக்குது, நான் கண்டுக்கல. யானை வருது, உள்ள போன்னா போகமாட்டேங்குது. அவளாலதான் தோத்தேன். ரொம்ப சூசாலா, கஷ்டமா இருக்கு.”

இதை உருவாக்கியவன் என் தம்பி குணாளன். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை யானைக் கூட்டத்திடமிருந்து காப்பாற்ற வேண்டும். ஆட்களை எங்கே நிறுத்துவது, எப்போது தீ மூட்டுவது என்று யோசித்து ஆடும் ஆட்டம். யாரும் ஆடலாம், யாரும் திருத்தலாம் என்று நிரலை எல்லாருக்கும் திறந்தே போட்டிருந்தான். பாக்கார் ஆராங் சாலையில் லாரி மோதி அவன் போன பிறகு, இது செத்துப்போகக் கூடாது என்பதற்காகவே நான் நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் கிளம்பும்போது யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. அன்று காலையும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு “வரேன்க்கா” என்றுதான் சொன்னான். அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அதைத் தூக்கிவிட ஒரு சாக்குக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

ஆனால் அந்தப் பெண் யார்? நான் அவளைப் பார்த்ததே இல்லை. சோதிக்கும்போதெல்லாம் புது ஆட்டத்தைத்தான் தொடங்குவேன். விட்டுப் போன ஆட்டத்துக்குத் திரும்பி வந்ததில்லை.

நிரலைத் தேடிப் பிடித்தேன். ‘வரேன்’ என்று அழுத்திவிட்டுப் போனால் வாசலில் ஒருத்தி வந்து நிற்பாள். ஆடுபவர் திரும்பி வந்ததும், “வந்துட்டியா? சாப்டியா?” என்று கேட்பாள். அதற்கு ஒரே பதில்தான் வைத்திருந்தான்: “சாப்டேன்க்கா.” அதை அழுத்தினால் வாசலைச் சாத்திவிட்டு உள்ளே போவாள். அதுவரை யானையே வந்தாலும் நகர மாட்டாள். நிரலில் அவளுக்கு அவன் வைத்திருந்த பெயர் ‘அக்கா’.

ஷஃபிக்கைக் கூப்பிட்டேன். “தம்பி, அது தப்பு இல்ல. அவ கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க, உள்ள போயிடுவா. பட்டனையும் மாத்தப் போறதில்ல.”

“ஓ, அப்படியா? சரிக்கா.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “அப்ப, போனவன் திரும்பி வரவே இல்லன்னா?”

“நிப்பா.”

“பாவம்லா அக்கா” என்றார்.

போனை வைத்ததும் அலமாரியிலிருந்து குணாவின் லேப்டாப்பை எடுத்து சார்ஜில் போட்டேன். அவன் கடைசியாக ஆடிய ஆட்டம் அப்படியே இருந்தது. திறந்தேன். லயன் வீடுகளில் விளக்கு எரிந்தது. வாசலில் அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

“வந்துட்டியா? சாப்டியா?”

கீழே “சாப்டேன்க்கா” என்று அவன் எழுதி வைத்த பதில். விரலை அதன்மேல் கொண்டுபோனேன். அழுத்த முடியவில்லை. அழுத்தினால் அவள் வாசலைச் சாத்திவிடுவாள். பிறகு அவனுக்காகக் காத்திருக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பாவிப் பயல், இத்தனை காலமும் என்னை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறான். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பதில் சொல்லாமல் வெளியே வர ஒரே பொத்தான்தான் இருந்தது.

“வரேன்டா” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அதை அழுத்தினேன்.