மூணாவது தராசு காலியாக இருந்தால்

எங்கள் கிடங்கில் நாலு வாசல், வாசலுக்கு ஒரு தராசு. நாலையும் பார்த்துக்கொள்ளும் புரோகிராமை எழுதியது என் மச்சினி. மத்தியானத்துக்குள் ஒழுங்காக ஓடாவிட்டால் அதைத் தூக்கிவிட்டுப் பழையதைப் போடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பழையதில் ஒரே வாசல்தான் வேலை செய்யும். அத்தனை மூட்டையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு என் முதுகில்தான் போகவேண்டும். அவளைவிட எனக்குத்தான் அது ஓடியாக வேண்டும்.

பதினொரு மணிக்கு நாலு தராசும் அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றுவிட்டன.

"என்னம்மா, உன் புரோகிராம் தூங்குதா?"

"கிண்டல் பண்ணாதீங்க அத்தான். உள்ளே நாலு பேர் வேலை செய்யறாங்கன்னு வச்சுக்கோங்க. கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, நாலு பேரும் சேர்ந்து ஒரே ஆளுன்னு நினைக்குது. ஒருத்தன் 'எடை குடு'ன்னு கேட்டுட்டு நின்னா, மொத்தப் பேரையும் தூங்க வச்சிடும்."

"நிக்காம கேக்கச் சொல்லேன்!"

"சொல்லியிருக்கேனே! நடுவுல லைப்ரரின்னு ஒரு உதவிப் புரோகிராம் இருக்கு. அது முதல்ல 'எடை இருக்கா?'ன்னு எட்டிப் பார்க்கும். இல்லேன்னா அவனை ஓரமா உக்கார வச்சிட்டு அடுத்தவனை ஓட்டும். அப்படியும் நிக்குதே!"

சும்மா இருக்க முடியாமல் முதல் தராசில் ஒரு மூட்டையைப் போட்டேன். அசையவில்லை. இரண்டாவதில் போட்டேன். ம்ஹும். மூணாவதில் போட்டதும் நாலிலும் விளக்கு எரிந்தது! எடுத்தேன், அணைந்தது. மறுபடி போட்டேன், எரிந்தது!

"மூணாவது! அது காலியா இருந்தாத்தான் எல்லாம் படுத்துக்குது!" என்று கத்தினேன்.

ஓடி வந்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இது மட்டும் வேற கம்பெனித் தராசு. அவங்க குடுத்த துண்டு புரோகிராமும் கூடவே வந்துச்சு. அது என் லைப்ரரியைக் கேக்காம நேரா போய் 'குடு'ன்னு நிக்குது!"

"நீ வாசல்ல காவல் போட்டே, அவன் கொல்லைப்புறமா போயிட்டான். திருத்த முடியுமா?"

"அவங்க எழுதினதுல கை வைக்க முடியாது. பிரிச்சு வைக்கலாம். கம்ப்யூட்டருக்குத் தெரியற மாதிரி அவனைத் தனி ஆளா ஓட விடறேன். நின்னா அவன் மட்டும் நிக்கட்டும்!"

அவள் விரல்கள் பறந்தன. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"மூணாவது ஏன் சும்மா கிடக்கு?"

"அது மூட்டைக்குக் காத்துட்டிருக்கு சார். மத்ததைப் பாருங்க!"

முதல் வாசலில் மூட்டை விழுந்தது, எடை வந்தது. இரண்டாவதிலும் வந்தது. நாலாவதில் அவரே ஒரு மூட்டையைத் தள்ளிப் பார்த்தார். அதிலும் வந்தது! மூணாவது காலியாகவே கிடந்தது.

"சரி, இதுவே இருக்கட்டும்" என்றார்.

மச்சினி துள்ளிக் குதித்ததில் என் காலை மிதித்துவிட்டாள்.

"அய்யோ, வலிக்குதா அத்தான்?"

"வலிக்கல. இன்னொரு மிதி மிதி!"