பத்துக்கு எத்தனை

“ஐஸ் எங்கடி?”

மாமியார் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். கையில் காலி டிரே. கூடத்தில் மகனுடைய மேலாளர் மனைவியோடு வந்து உட்கார்ந்திருந்தார். பழச்சாறு பிழிந்து தயாராக இருந்தது. போடுவதற்குத்தான் ஒரு துண்டு ஐஸ் இல்லை.

மருமகள் என்னவென்று சொல்வாள்? பாத்திரம் தேய்த்துவிட்டு ஒன்று, துணி உலர்த்திவிட்டு ஒன்று என்று டிரே முழுவதையும் அவளேதான் கடித்துத் தீர்த்திருந்தாள். என்ன பாழாய்ப்போன ஆசையோ, சில மாதங்களாகவே அப்படித்தான். வேண்டாம் என்று மனசு சொல்லும், கை கேட்காது.

“சோறு போடாத வீடா இது? திருட்டுத்தனமா ஐஸைக் கடிச்சுத் தின்னுக்கிட்டு! வந்தவங்க முன்னாடி மானம் போகுது.” மாமியார் குரலைத் தாழ்த்தியே திட்டினாள். கூடத்துக்குக் கேட்டுவிடக் கூடாதல்லவா.

கூடத்தில் இருந்தவனுக்கு அந்தக் கவலை கிடையாது. “மத்தவங்க பொண்டாட்டிக்கு வாயால ஐஸ் வைப்பாங்க சார். நான் ஃப்ரிட்ஜுல வைக்க வேண்டியிருக்கு!” என்று கணவன் சொன்னான். மேலாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கட்டியவளை நாலு பேர் நடுவில் கேலி செய்து சிரிக்க வைப்பதில் மகராசனுக்கு ஒரு தனிக் கெட்டிக்காரத்தனம் உண்டு.

மருமகள் பழச்சாற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்து வாசற்படி வரை வந்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. தட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பழச்சாறு மொத்தமும் மேலாளர் மனைவியின் மடியில்.

“ஆரம்பிச்சாச்சு நாடகம்” என்று மாமியார் முணுமுணுத்தாள். ஆனால் மேலாளர் மனைவி மடியைப் பார்க்கவில்லை. விழுந்தவளின் முகத்தைப் பார்த்தாள். “வெளுத்துப் போய்க் கிடக்கறாங்களே! முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றாள். மேலாளர் வீட்டம்மா சொன்ன பிறகு மறுக்க முடியுமா? இல்லாவிட்டால் முகத்தில் நாலு கை தண்ணீர் தெளிப்பதோடு விஷயம் முடிந்திருக்கும்.

அந்த வீட்டில் களைப்பு என்ற சொல் ஒருவனுக்குத்தான் சொந்தம். சாயங்காலம் அவன் ஷூவைக் கழற்றிக்கொண்டே “களைப்பா இருக்கு” என்றால் போதும். டிவி வாயை மூடிக்கொள்ளும். குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மாமியாரே எழுந்துபோய் ஃபேனைப் போடுவாள். மருமகள் அந்தச் சொல்லை ஒரே ஒரு தடவை வாய் தவறிச் சொன்னாள், கைக்குழந்தைக்காரியாக இருந்தபோது. “களைப்பா? அப்படி என்னத்த வெட்டி முறிச்சுட்ட?” என்று கேள்வி வந்தது. கணவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தான். அன்றைக்கு அந்தச் சொல்லை விழுங்கியவள், அப்புறம் வெளியே விடவே இல்லை. எல்லோரும் தின்று மிஞ்சியதைத் தின்றாள், எல்லோரும் படுத்தபின் படுத்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

“ஐஸ் கடிச்சுத் தின்னணும்னு தோணுதா?”

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியார் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாளோ? பார்த்தால் மாமியாரே திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

“உடம்புல இரும்புச்சத்து ரொம்பக் குறைஞ்சா சிலருக்கு அப்படித் தோணும். சிலர் மண்ணத் தின்பாங்க, சிலர் சாக்பீஸ், சிலர் ஐஸ். அது கெட்ட பழக்கம் இல்லம்மா, நோயோட அறிகுறி.”

இத்தனை நாள் திருட்டு என்று பேர் வாங்கியதற்கு ஒரு நோயின் பேர் இருக்கிறதாமே!

டாக்டரம்மா விளக்கினார். அங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. இரும்புச்சத்தை மாத்திரையாகக் கொடுத்தால் களைப்பு நன்றாகத் தீருமா, நரம்பு வழியாக ஏற்றினால் தீருமா என்று பார்க்கிறார்கள். “எல்லாருக்கும் மாத்திரையும் உண்டு, டிரிப்ஸும் உண்டு. ஆனா ரெண்டுல ஒண்ணுலதான் இரும்பு இருக்கும். எதுலன்னு உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. சேர்றதும் சேராததும் உங்க இஷ்டம். சேரலன்னாலும் வைத்தியம் பார்ப்போம்.”

“இதைப் போட்டா முன்ன மாதிரி வேலை செய்வாளா?” என்று மாமியார் கேட்டாள்.

“தெம்பு வரும்னு எதிர்பார்க்கறோம்.”

“அப்போ போடுங்க.”

“அவங்க சொல்லணும்மா” என்றார் டாக்டரம்மா.

மருமகள் தலையாட்டினாள். தன் உடம்பைப் பற்றித் தன்னிடம் ஒருவர் சம்மதம் கேட்டது அவளுக்குப் புதுசு.

அப்புறம் நர்ஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். “இதுதான் எங்களுக்கு முக்கியமான கேள்வி. களைப்பு பத்துக்கு எத்தனைன்னு சொல்லணும். பூஜ்யம்னா களைப்பே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியல. போன வாரம் பூரா நினைச்சுப் பார்த்துச் சொல்லுங்க.”

பத்து என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்து நாற்காலியில் மாமியார் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லு, கேக்கறாங்கல்ல.”

“பூஜ்யம்” என்றாள் மருமகள்.

“மயங்கி விழுந்துதானே வந்தீங்க?”

“கால் தடுக்கிடுச்சு.”

நர்ஸ் இந்தக் கேள்வியை அவளைத் தனியாக வைத்துக் கேட்டிருக்க வேண்டும். வெளியே வரிசை நீண்டு கிடந்தது, கேட்கவில்லை. எத்தனை வீட்டு மருமகள்கள் இப்படி மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூஜ்யம் சொல்லிவிட்டுப் போனார்களோ! கம்ப்யூட்டர் என்ன கண்டது? சொன்னதை வாங்கிக்கொண்டது.

டிரிப்ஸ் ஏற்றும் அறையில், ஃபேனுக்கு அடியில் இருந்த கட்டிலில் அவளைப் படுக்க வைத்தார்கள். பாட்டிலுக்கும் குழாய்க்கும் கறுப்பு உறை போட்டிருந்தது. “எதை ஒளிச்சு வைக்கறீங்க?” என்று மாமியார் சண்டைக்குப் போனாள். இரும்பு மருந்து டிகாஷன் நிறத்தில் இருக்கும், வெறும் உப்புத் தண்ணீருக்கு நிறமே இருக்காது, பார்த்தால் தெரிந்துவிடும், அதற்குத்தான் உறை என்று நர்ஸ் சமாதானம் சொன்னாள். மருமகளுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. பட்டப்பகலில் படுத்திருக்கிறோம், யாரும் எழுப்பவில்லை! அந்தச் சுகத்தில் கண் தானாக மூடிக்கொண்டது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றாள். டிரே நிறைய ஐஸ். கை அதை நோக்கிப் போகவில்லை. முந்தின நாளும் போகவில்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது. இரும்பு உறைக்குள் இருந்ததா, தினம் விழுங்கிய மாத்திரையில் இருந்ததா என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. எதில் இருந்தாலும் உடம்பில் ஏறிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை. தனியாக நின்று சிரித்தாள், பாவம்.

சிரித்ததை வீடும் பார்த்துவிட்டது.

“அதான் ரத்தம் ஏறிடுச்சே” என்று மாமியார் வீடு கூட்டித் துடைக்க வந்துகொண்டிருந்த வேலைக்காரம்மாவை நிறுத்தினாள். “அதான் ரத்தம் ஏறிடுச்சே” என்று கணவன் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேருக்கும் சேர்த்து மதியச் சாப்பாடு கட்டச் சொன்னான். இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த, கணவனுடைய பெரியத்தையைக் கொண்டுவந்து உள்ளறையில் படுக்க வைத்தார்கள். தூக்கி உட்கார வைப்பதும் துடைப்பதும் துவைப்பதும் யார்? அதான் ரத்தம் ஏறியவள் இருக்கிறாளே! “நம்ம ஐஸ்காரி இப்போ இரும்புக்காரி ஆயிட்டா” என்று கணவன் புது ஜோக் கண்டுபிடித்தான். தட்டில் மட்டும் பழைய கணக்கே, மிஞ்சினால் உண்டு.

கடைசிப் பரிசோதனைக்கும் மாமியார் கூடவே வந்தாள்.

“ரத்தம் பிரமாதமா இருக்கு” என்று டாக்டரம்மா வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். நர்ஸ் பழைய கேள்விக்கு வந்தாள். “களைப்பு, பத்துக்கு எத்தனை?”

“என்ன களைப்பு? குதிரை மாதிரி ஓடறா. பூஜ்யம்னு போடும்மா” என்றாள் மாமியார்.

“பத்து” என்றாள் மருமகள்.

நர்ஸின் விரல் விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

“யோசிச்சுச் சொல்லுங்க. பத்துன்னா எழுந்திரிக்கவே முடியாத மாதிரி.”

“எழுந்திரிக்க முடியுது சிஸ்டர். உட்காரத்தான் முடியல.”

“என்னடி உளர்ற?” மாமியாரின் முகம் சிவந்தது. “நல்லாத்தானே இருக்க!”

டாக்டரம்மா முன்னால் குனிந்தார். “போன தடவை பூஜ்யம் சொன்னீங்க. இப்போ பத்து சொல்றீங்க. பழைய பதிலை நாங்க அழிக்க முடியாது. இதையும் இப்படியே பதிஞ்சா, வைத்தியத்தால உங்களுக்குக் களைப்பு கூடிடுச்சுன்னுதான் கணக்காகும்.”

“போன தடவை சொன்னது பொய் டாக்டர். அப்பவும் பத்துதான்.” மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்போ அதைச் சொல்றதுக்குக்கூட உடம்புல தெம்பு இல்ல. இப்போ இருக்கு.”

“மருந்து நல்லாத்தானே வேலை செஞ்சுது. பாவம், அது மேல பழி விழுதே” என்றாள் நர்ஸ் மெதுவாக.

“விழட்டும் சிஸ்டர். செய்யாத தப்புக்குச் சோம்பேறின்னும் திருடின்னும் என் மேல விழுந்துச்சே, அதை யார் அழிச்சாங்க?”

டாக்டரம்மா நர்ஸ் பக்கம் திரும்பி, “பத்துன்னே போடுங்க” என்றார். நர்ஸ் தட்டினாள். இரும்பு ஏறியும் களைப்பு தீராதவள் என்று அந்த ஆராய்ச்சியில் ஒருத்தி சேர்ந்தாள். அந்தப் பத்து எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்க அதில் இடம் வைக்கவில்லை.

மாமியார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். “வீட்டுக்கு வா, பேசிக்கறேன். பெரியத்தை தனியாக் கிடக்கறாங்க. துணி ஊறுது. நட!”

மருமகளும் எழுந்தாள். வாசல் பக்கம் போகவில்லை. “சிஸ்டர், அந்தக் கட்டில்ல கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமா?”

நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா தலையசைத்தார். மருமகள் டிரிப்ஸ் ஏற்றும் அறைக்குள் போய், அன்றைக்குப் படுத்த அதே கட்டிலில் காலை நீட்டிப் படுத்தாள். மாமியார் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள்.

“இது என்னடி புதுப் பழக்கம்? வேலை தலைக்கு மேல கிடக்கு, எழுந்திரு!”

“களைப்பா இருக்கு அத்தை.”

கண்ணைத் திறக்காமல்தான் சொன்னாள். நர்ஸ் எழுந்துபோய் ஃபேனைப் போட்டாள்.