கைக்கு முன்னால் இறங்கிய பெட்டி

ராட்டர்டாம் துறைமுகத்தில் எங்கள் முனையத்துக் கிரேன்களில் இப்போது யாரும் ஏறுவதில்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் பதினொரு பேர் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். எந்த கன்டெய்னர் எந்த லாரிக்கு என்று பார்த்து அனுப்புவது என் வேலை. அதனால் அவர்கள் எல்லாருடைய கைகளும் எனக்குப் பழக்கம்.

ரின்ஸ்கேயின் கை அவசரப்படாத கை. பதினாறு வருடம் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டியவள். திரைக்கு மாறியபோது அவளும் மற்றவர்களைப் போலத்தான் திணறினாள். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் கால் நொடி கழித்துத்தான் திரையில் பெட்டி நகரும். கேமராப் படம் வந்து சேர அவ்வளவு நேரம் பிடித்தது. முதல் வாரம் பெட்டிகள் ஊஞ்சல் ஆடின. இரண்டு மாதத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது. தாமதம் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாமல் போனது.

பதினான்கு மாதம் அப்படி ஓடியது. பிறகு ஒரு மார்ச் மாதத் திங்கட்கிழமை புதிய கேபிளும் புதிய கேமராக்களும் வந்தன. தாமதம் போய்விட்டது என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள்.

அன்று காலை பத்தரை மணிக்கு ரின்ஸ்கே ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றாள். திரையில் அவளுடைய கன்டெய்னர் லாரிக்கு மேலே மூன்று மீட்டர் உயரத்தில் தொங்கியது.

"இதை நான் இறக்கல," என்றாள்.

ஷிப்டு தலைவர் யோப் வந்தார். "என்ன இறக்கல?"

"நான் தள்ளுறதுக்கு முன்னாடியே இறங்குது. வேற யாரோ ஓட்டுறாங்க. என் கை சும்மா பின்னால போகுது."

யோப் தானே உட்கார்ந்து பெட்டியை இறக்கினார். அவருக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. அவர் ஜாய்ஸ்டிக் பிடித்தே இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த வீபே திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்: "உன் மனசைப் படிக்கிற கிரேன் கெடச்சிருக்கு, மகராசி. வீட்டுக்கும் ஒண்ணு கேளு, பாத்திரம் கழுவ."

நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அவளுடைய கை முதலில் அசைந்திருந்தது, பெட்டி அதற்குப் பின்னால்தான் நகர்ந்திருந்தது. யோப் அந்தப் பதிவை அச்சடித்த தாளை அவளிடம் நீட்டினார். அவள் இரண்டு தடவை படித்துவிட்டு, "தாள் சொல்றது தாளுக்கு. நான் பாத்தது இது இல்ல," என்றாள். அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தூக்கம் போதவில்லை என்று கம்பெனி மருத்துவர் எழுதினார். அவள் நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். சைக்கிள், அடுப்பு, கதவு எல்லாம் அவளுக்குச் சரியாகவே இருந்தன. அந்த நாற்காலியில் மட்டும்தான் உலகம் முந்திக்கொண்டது. மூளையில் ஏதோ வளர்கிறது என்று அவள் பயந்துபோயிருந்தாள். இதை என்னிடம் பிறகுதான் சொன்னாள்.

அவளாகவே தேடி லெய்டன் நகரத்தில் ஒரு மூளை ஆராய்ச்சிக்காரரைப் பிடித்தாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். சிரித்ததற்குப் பரிகாரமாக நினைத்துக்கொண்டு போனேன்.

ஆராய்ச்சிக்காரர் பெயர் லீசெலோட், நாற்பது வயது இருக்கும். ரின்ஸ்கேயை ஒரு சிறிய அறையில் உட்காரவைத்து ஒரு பொத்தானைக் கொடுத்தார். அழுத்தினால் எதிரே ஒரு விளக்கு மின்னும். அரை மணி நேரம் அழுத்தச் சொன்னார். ரின்ஸ்கே சலித்துப்போய் அழுத்திக்கொண்டே இருந்தாள். திடீரென்று கையை விலக்கிக்கொண்டாள்.

"இப்ப நான் தொடல. அதுவா எரிஞ்சுது."

"மறுபடி பாருங்க."

"மறுபடியும் அதுவாத்தான் எரியுது. நீங்கதானே அங்க இருந்து போடுறீங்க?"

லீசெலோட் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். "சரி, ஒண்ணு செய்யுங்க. விளக்கு முதல்ல எரியுதுன்னா, அது எரிஞ்சதும் விரலை நிறுத்திக்கங்க. அழுத்தாதீங்க."

ரின்ஸ்கே விளக்கையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கு மின்னியது. விரல் அதற்குள் பொத்தானை அழுத்தியிருந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை விரலை அசைக்காமலே காத்திருந்தாள். ஒரு நிமிடம் ஆயிற்று. விளக்கு எரியவே இல்லை.

அவள் பொத்தானை மெல்லத் தள்ளி வைத்தாள்.

விஷயம் இதுதான் என்று லீசெலோட் சொன்னார். தன் கை செய்ததன் விளைவு உடனே வரவேண்டும் என்று மூளை எதிர்பார்க்கிறது. எப்போதும் கொஞ்சம் தாமதமாக வந்தால், அந்தத் தாமதத்தைக் கழித்து, இரண்டும் ஒன்றாக நடப்பது போலக் காட்டக் கற்றுக்கொள்கிறது. அந்த அரை மணி நேரமும் விளக்கைச் சற்றுத் தாமதமாக எரியவிட்டிருந்தார், கடைசியில் தாமதத்தை எடுத்துவிட்டார். மூளை பழைய வழக்கப்படி கழித்துக்கொண்டே இருந்தது. அதனால் விளைவு செயலுக்கு முன்னால் போய் விழுந்தது.

"பதினாலு மாசம் பழகினது. கொஞ்ச நாள்ல சரியாயிடும்," என்றார்.

"அப்ப நான் இது வரைக்கும் நேரா எதையுமே பாக்கலையா?"

"யாருமே பாக்கறதில்ல."

திரும்பி வரும்போது ரயிலில் ரின்ஸ்கேயின் முகத்தில் நிம்மதி இல்லை, கோபம்தான் இருந்தது. சீஸ் ரொட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு, தின்னாமல், "என் மூளை என்னைக் கேக்காமலே திருத்தியிருக்கு," என்றாள்.

லீசெலோட் கொடுத்த கடிதத்தை யோப் எல்லார் முன்னாலும் வாசித்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வீபே குனிந்து ஜாய்ஸ்டிக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மதியம் சைக்கிள் கொட்டகையில் நாங்கள் இருவரும் நின்றபோது வீபே வந்தான்.

"எத்தனை நாள்ல சரியாகும்னாங்க?"

"எனக்கா?" என்றாள் ரின்ஸ்கே.

அவன் பூட்டைத் திருகிக்கொண்டே நின்றான். "எனக்கு."

பிறகு எல்லாம் வந்தது. முதல் நாளிலிருந்தே அவனுக்கும் அப்படித்தான். இறக்கும்போது திரையைப் பார்க்காமல் தன் கையையே பார்த்து ஓட்டியிருக்கிறான். அந்த வாரம் வியாழக்கிழமை அவன் இறக்கிய ஒரு பெட்டி லாரியின் ஓரத்தில் மோதிச் சரிந்தது. பெட்டி இறங்கும் வரை லாரி ஓட்டுநர்கள் லாரியை விட்டு இறங்கி, ஓரத்தில் உள்ள பாதுகாப்புக் கூண்டிலேயே நிற்க வேண்டும் என்பது விதி. அன்றைய ஓட்டுநர் போனை எடுக்க வெளியே வந்திருந்தார். பெட்டி அவருக்கு அரை மீட்டர் தள்ளி விழுந்தது. காற்றுதான் காரணம் என்று வீபே எழுதிக் கொடுத்திருந்தான்.

"நான் எழுந்து நின்னப்ப நீ சொல்லியிருக்கலாம்," என்றாள் ரின்ஸ்கே.

"உன்னைப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்கல்ல."

"நீதான் ஆரம்பிச்சே."

"ஆமா."

"யோப்கிட்ட போய் நீயே சொல்லு. நாலு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் நான் சொல்லிடுவேன்."

மூன்றரைக்கே போய்ச் சொல்லிவிட்டான். எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்து, இரண்டு மாதம் வாசல் வேலைக்கு மாற்றினார்கள். அவன் சொன்னதும் இன்னும் மூன்று பேர் தங்களுக்கும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். கேமரா, கேபிள் எது மாறினாலும் இரண்டு ஷிப்டுக்கு வெறும் தரையில், காலிப் பெட்டிகளோடு பழக வேண்டும் என்று விதி வந்தது. ரின்ஸ்கேக்கு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்த நான்காவது நாள் சரியாயிற்று. எந்த நிமிடத்தில் சரியாகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தாளாம், பிடிபடவில்லை.

வீபே அரை வருடம் அவளோடு பேசவில்லை.

வாசல் வேலையில் இருந்தபோது அந்த லாரி மறுபடி வந்தது. ஓட்டுநர் போலந்துக்காரர், பெயர் ஸ்லாவோமிர். வீபே அவரை இறங்கச் சொல்லி, அன்று காற்று இல்லை, தப்பு தன்னுடையது என்று சொன்னான். அனுமதிச் சீட்டு கொடுக்க நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

ஸ்லாவோமிர் சீட்டுக்குக் கை நீட்டினார். "காத்துன்னு நினைச்சிட்டிருந்தப்ப நல்லா இருந்தேன்," என்றார். "காத்து என்னைக்கோ ஒரு நாள்தான் அடிக்கும். கிரேன் ஓட்டுறவங்க தினமும் இருக்காங்க."

சீட்டை வாங்கிக்கொண்டு லாரியில் ஏறினார். உள்ளே போய் லாரியை நிறுத்திவிட்டுப் பாதுகாப்புக் கூண்டில் நின்றவர், பெட்டி இறங்கி முடித்து, கிரேன் விலகிப் போன பிறகும் வெகு நேரம் வெளியே வரவில்லை.