அறுபத்திரண்டு தப்படி

2024 செப்டம்பர் 14, சனிக்கிழமை. நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயிலிருந்து கால் மணி நேரக் கார் தூரத்தில் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில், முப்பத்தாறு வயது சண்முகப்ரியா ஐந்து குண்டு பிடிக்கும் சிறிய ரிவால்வர் ஒன்றை வாங்கினாள்.

முதலில் அவள் கேட்டது பிஸ்டல். தட்டையாக இருக்கும், உடைக்குள் துருத்தாது என்று ஆய்வகத்தில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் சொல்லியிருந்தார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அதன் மேல்பாகத்தை இடது கையால் பின்னுக்கு இழுத்தால்தான் முதல் குண்டு உள்ளே ஏறும். மூன்று முறை இழுத்தாள். பாதி வரை வந்து நின்றுவிட்டது. அவளுடைய இடது மணிக்கட்டுக்குள் ஒரு தகடும் ஆறு திருகாணிகளும் இருக்கின்றன. இன்னும் இரண்டு பிஸ்டல்களைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கைக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். கார் கதவு என்றாள். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கண்ணாடிப் பெட்டியின் மறுகோடிக்குப் போய் ரிவால்வரை எடுத்துவந்தார். இதில் இழுக்க எதுவும் இல்லை. விசை சற்றுக் கடினம், ஆனால் வலது கை விரல் போதும்.

உடம்பில் எங்கே வைத்துக்கொள்ளப் போகிறாய் என்று அவர் கேட்டபோதுதான் அதை யோசிக்கவே இல்லை என்று உணர்ந்தாள். சுடிதார் நாடா அந்த எடையைத் தாங்காது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை ஒன்றும் வாங்கினாள்.

மணிக்கட்டை 2022இல் உடைத்தவன் அப்போது கணவனாக இருந்த அகிலன். போலீசுக்குப் போய், அவன் தன்னை நெருங்கக் கூடாது என்று தற்காலிகத் தடை உத்தரவும் வாங்கினாள். அகிலனின் கல்லூரி நண்பர் வெங்கடகிருஷ்ணன் இருவரையும் தன் வீட்டில் உட்கார வைத்துப் பேசினார். இனி அவனுக்கு நான் பொறுப்பு என்றார். அவள் உத்தரவை வாபஸ் வாங்கினாள்.

விவாகரத்துக்குப் பிறகு, பிளெய்ன்ஸ்பரோவில் அவள் இருக்கும் அபார்ட்மென்ட் வளாகத்துக்குச் செவ்வாயும் வியாழனும் மாலையில் அகிலன் வர ஆரம்பித்தான். விருந்தினர் நிறுத்துமிடத்தில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். போலீசார் இரண்டு முறை வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். புதிதாகத் தடை உத்தரவு கேட்டாள். முன்பு அவளே வாபஸ் வாங்கியது விசாரணையில் பேசப்பட்டது. மனு தள்ளுபடியானது.

அவள் காரை நிறுத்தும் இடத்திலிருந்து மாடிப்படி வரை அறுபத்திரண்டு தப்படி. நாலு வயது மகள் ஸ்ம்ருதியைத் தூக்கிக்கொண்டால் எழுபது.

ரிவால்வரை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். அந்த அறுபத்திரண்டு தப்படிக்கு மட்டும், வெளியில் எடுத்துப் போவதற்கான தனி அனுமதி வேண்டும். அதற்கான சுடும் தேர்வில் நவம்பர் முதல் வாரம் தேறிவிட்டாள். அடுத்து, மூன்று வருடமாவது அவளை அறிந்த, உறவினர் அல்லாத நான்கு பேர் அவளுக்காகப் படிவம் நிரப்பித் தர வேண்டும். டேகேர் ஆசிரியை ஒருவர். பல வருடப் பழக்கமுள்ள கீழ்வீட்டு புஷ்பவல்லி ஆன்ட்டி இன்னொருவர். ஆய்வகத்தில் சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. மற்றபடி அமெரிக்காவில் அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் அகிலனுக்குத் தெரிந்தவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்கடகிருஷ்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி பிரீத்தி உடனே சம்மதித்தாள்.

"துப்பாக்கியெல்லாம் எதுக்கும்மா?" என்றார் வெங்கடகிருஷ்ணன். "அவன் வந்தா எனக்கு ஒரு போன் போடு. பத்து நிமிஷத்துல அங்க இருப்பேன்."

"போட்டேன்ணா. மார்ச்ல ரெண்டு தடவை."

"அன்னிக்கு மீட்டிங்ல இருந்தேன்."

"அப்ப நீங்க மீட்டிங் முடிச்சுட்டு வர்ற வரைக்கும் அவ கொழந்தையோட கார்லயே உக்காந்திருக்கணும்," என்றாள் பிரீத்தி. "ஸ்நாக்ஸ் ஏதாவது குடுத்து அனுப்பட்டுமா?"

அவர் சிரித்தார். சரி, என் பேரையும் போட்டுக்கொள் என்றார். என்ன துப்பாக்கி, இப்போதே வெளியில் எடுத்துப் போகலாமா என்றெல்லாம் அக்கறையாகக் கேட்டார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள்.

பிரீத்தியின் படிவம் மறுநாளே போய்ச் சேர்ந்தது. அவருடையது போகவில்லை. நினைவூட்டும்போதெல்லாம் அலுவலகத்தில் வேலை அதிகம் என்றார்.

டிசம்பர் 12, வியாழன். ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டிருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் காரிலிருந்து இறங்கியபோது அகிலன் கண்ணாடியை இறக்கினான்.

"ரிவால்வராமே," என்றான். "அஞ்சு குண்டா?"

அவள் நடந்துகொண்டிருந்தாள்.

"வீட்டுக்குள்ளதான் வெச்சுக்கணுமாம், வெங்கட் சொன்னான். நான் எங்கடி வீட்டுக்குள்ள வரேன்? இங்கதானே இருக்கேன்."

வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வெங்கடகிருஷ்ணனை அழைத்தாள். பயந்துபோய் வருவதை நிறுத்திவிடுவான் என்று நினைத்து, நல்லதுக்குத்தான் சொன்னதாக அவர் சொன்னார். படிவத்தைப் பற்றிக் கேட்டாள்.

"இப்ப அவனுக்குத் தெரிஞ்சுபோச்சேம்மா," என்றார். "நான் கையெழுத்துப் போட்டா அவன் மூஞ்சில எப்படி முழிக்கறது?"

நான்காவது நபரின் பதில் வரவில்லை என்ற காரணத்தால் 2025 பிப்ரவரி 10 அன்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ரிவால்வர் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில், பூட்டிய பெட்டியில் இருக்கிறது. அகிலனின் கார் செவ்வாயும் வியாழனும் வருகிறது.