இரண்டு தொன்னைப் பொங்கல்

தென்றலின் இடது காது மடங்கித் தடித்து, உப்பின பூரி மாதிரி ஆகியிருந்தது. அதைப் பார்த்ததும் மணிமொழிக்கு வயிறு எரிந்தது.

மெடலுக்குக்கூட இவ்வளவு எரியவில்லை. போன வாரம் ஊரே திரண்டு தென்றலைத் திறந்த ஜீப்பில் ஏற்றி மேளத்தோடு அழைத்துப்போனது. மணிமொழி அப்போது செங்கம் ரோட்டு விடுதியின் மொட்டை மாடியில், வெளிநாட்டுக்காரர்கள் படுத்தெழுந்த விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரில் பேனர் தொங்கியது. பல்கேரியாவில் வெண்கலம் வென்ற வீரமங்கை. அதில் மல்லிகைச் சரத்தை இழுத்துவிட்டுக் காதை மறைத்திருந்தார்கள். வருஷக்கணக்காக மல்யுத்த விரிப்பில் தேய்ந்தால்தான் அப்படியொரு காது வரும். மணிமொழிக்கும் ஒரு காலத்தில் லேசாக வீங்கத் தொடங்கியதுதான். மல்யுத்தத்தை விட்டதும் வடிந்துபோய், கல்யாணத்துக்குத் தோடு போட வசதியாக அமைந்துவிட்டது.

இப்போது அந்தக் காதுக்காரி விடுதி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கொளுத்துகிற வெயிலில் மழைக்கோட்டு வேறு.

“இன்னாடி அப்பிடிப் பாக்கற? நாளைக்கு மெட்ராஸ்ல வெயிட் பாக்கறாங்க. ஆசியப் போட்டிக்கு செலக்‌ஷன். விருந்து விருந்துன்னு போட்டு ஏத்தி வுட்டுட்டாங்க, கொஞ்சம் ஜாஸ்தி கீது. மலையச் சுத்துனா எறங்கிடும். கூட வாயேன் மணி.”

எடை குறைக்க மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு கிரிவலம் போவது இந்த ஊர் மல்யுத்தக்காரிகளுக்கு மட்டுமே தெரிந்த வைத்தியம். கீழ்பென்னாத்தூரில் கபடி ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேரையும் பிடித்து மல்யுத்தத்தில் விட்ட கோதண்டராமன் மாஸ்டர் கண்டுபிடித்தது. புண்ணியமும் ஆச்சு, எடையும் ஆச்சு என்பார். இரண்டு பேருக்கும் ஒரே எடைப் பிரிவு. ஆனால் காலைப் பிடித்தாளென்றால் மணிமொழிதான். தென்றல் மல்லாக்க விழாத நாள் கிடையாது. முதல்ல கைய வுடறவ தோத்தான்னு வச்சுக்க என்று மாஸ்டர் கத்துவார். மணிமொழி விட்டதே இல்லை.

முதல் செலக்‌ஷனுக்கு முந்தின நாளும் இப்படித்தான் நடந்தார்கள். அடி அண்ணாமலையில் அன்னதானம். ஆளுக்கொரு தொன்னை வெண்பொங்கலைக் கையில் திணித்தார்கள். தென்றல் தன்னுடையதையும் நீட்டினாள். “எனக்குக் கொமட்டுது, நீ சாப்டு. சாமி பிரசாதம், வேணாங்கக் கூடாது. கீழயும் போடக் கூடாது.” பசியில் இரண்டையும் வழித்துத் தின்றாள் மணிமொழி. மறுநாள் தராசு முள் கோட்டைத் தாண்டி நின்றது. ஒரு தொன்னைப் பொங்கல் அளவுதான் இருக்கும். மாஸ்டர் கெஞ்சினார். எடை பார்த்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் இடத்தில் தென்றல் போனாள். பிறகு முகாம், பாஸ்போர்ட், விமானம்.

தெரிந்தே கொடுத்தாளா? அடுப்படியிலும் குளியலறையிலும் மணிமொழி தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி இது ஒன்றுதான்.

இன்றைக்குப் பௌர்ணமி. அதே இடத்தில் அன்னதானம் இருக்கும். வருகிறேன் என்று வாய் சொல்வதற்கு முன்பே மனசு இதைக் கணக்குப் போட்டுவிட்டது. ஆமாம், கெட்ட மனசுதான்.

மலையை வலப்பக்கம் வைத்து நடந்தார்கள். தென்றல் பேசிக்கொண்டே வந்தாள். ஜன்னலோர சீட்டாம், கீழே மேகமாம். ரஷ்யாக்காரியின் கழுத்து தூண் மாதிரியாம். அது என் சீட்டு, நான் சாய்த்திருக்க வேண்டிய ரஷ்யாக்காரி என்று மணிமொழி உள்ளுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அடி அண்ணாமலையில் பந்தல் போட்டிருந்தார்கள். எண்ணெய்க்கடை ரேணுகாம்பாள் அண்டாவிலிருந்து அள்ளி வைத்துக்கொண்டிருந்தார். “வாங்கம்மா, சூடா கீது, வாங்கிக்குங்க.” மணிமொழி இரண்டு தொன்னை வாங்கினாள். நெய்யும் மிளகும் மணத்தன. தென்றல் ஓரமாக முட்டியில் கையூன்றி நின்றாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, உதடு வெடித்திருந்தது.

மணிமொழி தன் தொன்னையைப் பக்கத்துத் திண்டில் வைத்துவிட்டு மற்றதை நீட்டினாள்.

“வேணாம்டி, நாளைக்கு…”

“சாமி பிரசாதம். வேணாங்கக் கூடாது. கீழயும் போடக் கூடாது.”

வார்த்தை மாறாமல் அதையே சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தாள். குற்றமுள்ளவள் என்றால் இந்த இடத்தில் முகம் கறுக்கும். அதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தது.

தென்றல் நிமிர்ந்தாள். தொன்னையைப் பார்த்தாள், மணிமொழியைப் பார்த்தாள். முகம் கறுக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

“நீ குடுத்தா வேணாம்னா சொல்லுவேன்? குடு.”

சந்நிதியில் வாங்குவது போல் இரண்டு கையாலும் தொன்னையைப் பிடித்தாள். அன்றைக்கும் ஒன்றும் அறியாமல்தான் கொடுத்தாளா, இல்லை கடனைத் தீர்க்கிறாளா, மணிமொழிக்குப் புரியவில்லை. இதைத் தின்றால் தராசு முள் நாளைக்கு எங்கே நிற்கும் என்பது மட்டும் புரிந்தது. அதுதானே வேண்டும் என்று வந்தாள். விரல்கள்தான் தொன்னையை விட மாட்டேன் என்றன.

“வுடு மணி.”

“நீ வுடு.”

“சுடுதுடி.”

“நகருங்கம்மா, பின்னாடி ஜனம் நிக்குது” என்றார் ரேணுகாம்பாள். இலை மடிப்பு பிரிந்து, உருகிய நெய் இரண்டு பேர் மணிக்கட்டிலும் வழிந்தது. இருவருமே கையை எடுக்கவில்லை.